புண்ணும் வடுவும்: சோம்நாத் ஹோரின் வெள்ளை அச்சுகள்

ஐரோப்பியப் புனைவியல் காலத்து அச்சோவியங்களில் சாவுக்கென்றே ஆந்தை, வௌவால், பட்டமரம் என ஆயத்தமான குறியீடுகள் இருந்தன. கோயாவின் 'போரின் பேரழிவுகள்' வரிசையின் இறுதித் தகடுகளிலும் பிணந்தின்னிப் பறவையும் குருதி உறிஞ்சும் வௌவாலும் வருகின்றன. ஆயினும் அவ்வரிசை மனத்தில் நிற்பது அவற்றால் அன்று. 1811–12 மாட்ரிட் பஞ்சத்தைக் காட்டும் தகடுகளில் இருப்போர் எலும்பும் தோலுமான மனிதர்களே. மற்றொரு தகட்டின் கீழ் 'இதை நான் கண்டேன்' எனும் பொருளில் ஒரு சிறு தொடரை எழுதினார் கோயா. அந்தத் தன்மை வினைமுற்றே அவரது சாட்சியம். அவர் இறந்து 35 ஆண்டுகள் கழித்து, 1863இல்தான் அத்தொகுப்பு வெளிவந்தது.

1943 வங்கப் பஞ்சத்துக்கும் சாட்சிகள் இருந்தனர். சித்தப்ரசாத் வெளியிட்ட 'பசித்த வங்கம்' நூலை ஆங்கில அரசு பறிமுதல் செய்து அழித்தது. அவர் வழிகாட்டலில் பஞ்சத்தில் வாடியோரை வரையத் தொடங்கியவர் சோம்நாத் ஹோர். சிட்டகாங் பகுதியைச் சேர்ந்த அவருக்கு அப்போது வயது 22.

ஏறத்தாழ முப்பது ஆண்டுகளுக்குப் பின் சாந்திநிகேதனில் ஹோர் உருவாக்கிய 'காயங்கள்' வரிசையில் பெரும்பாலும் உருவமும் இல்லை, மையும் இல்லை. களிமண் பரப்பைக் கத்தியால் கீறினார், குத்தினார், பிளந்தார். அதன்மேல் சிமெண்ட் வார்த்து அச்செடுத்து, அவ்வச்சில் ஈரக் காகிதக்கூழை அழுத்தி உலரவிட்டார். கிடைத்தது பள்ளமும் பிளவும் மேடுமான ஒரு வெள்ளைத் தாள்.

இவற்றை 'அருவ ஓவியம்' என்று வகைப்படுத்திவிட்டு நகர்வது எளிது, ஆனால் போதாது. பியர்சின் பாகுபாட்டில் ஆந்தை ஒரு குறியீடு. மரபை அறிந்தவர்க்கே அது சாவு. (ஹோரின் வங்கத்திலோ ஆந்தை லட்சுமியின் வாகனம்.) புகை நெருப்பைச் சுட்டுவதுபோல் கீறல் கத்தியைச் சுட்டுகிறது, அதற்கு எம்மரபும் வேண்டியதில்லை. கோயா சொல்லால் சொன்ன 'கண்டேன்' இங்கே பரப்பிலேயே பதிந்துவிடுகிறது.

ஒன்றைக் கவனிக்க வேண்டும்: கத்தி தாளைத் தொட்டதே இல்லை. வெட்டுண்டது களிமண், தாளில் இருப்பது அதன் தடம். தமிழில் புண் வேறு, வடு வேறு. களிமண்ணில் நேர்ந்தது புண், உலர்ந்த தாளில் எஞ்சியது வடு. ஆதலால் இவ்வரிசைக்குக் 'காயங்கள்' என்பதைவிட 'வடுக்கள்' என்னும் தமிழ்ப்பெயர் பொருந்தும்.

நேர் வெளிச்சத்தில் எடுத்த படங்களில் இத்தாள்கள் ஏறக்குறைய வெற்றுத்தாள்களாகவே தோன்றும். ஒளி பக்கவாட்டில் சாய்ந்து விழும்போதுதான் பள்ளங்களில் நிழல் தேங்கத் தொடங்குகிறது.