லாரி எங்கே திரும்பும்?

பிளான் போட்டுக் கொடுக்கும் தொழிலுக்கு வந்த புதிதில், மனைக்காரரிடம் முதலில் சர்வே எண்ணைத்தான் கேட்பேன். முழுமைத் திட்ட வரைபடத்தில் அந்த எண் எந்த நிறத்தில் விழுகிறது என்று தெரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்ததாக நினைப்பு. இப்போது முதல் கேள்வி வேறு: “அண்ணாச்சி, சரக்கு எதுல வரும்?”

கேட்க வைத்தது ஓர் இரும்புக் கடை. வணிகப் பகுதி மனை. தெரு 9 மீட்டர். ஒற்றைத் தளக் கொட்டகை. சுற்றிலும் விட வேண்டிய செட்பேக்கில் குறைவில்லை, அனுமதியும் வந்தது. முதல் லோடு வந்த இரவில்தான் சிக்கல். கட்டுமானக் கம்பி ஒன்றின் நீளமே 12 மீட்டர். அதைச் சுமந்த டிரெய்லர் தெருமுக்கில் திரும்ப முடியாமல், ஒரு பக்கம் மின்கம்பமும் மறுபக்கம் ஒரு வீட்டுத் திண்ணையுமாக மாட்டிக்கொண்டது. திண்ணையின் ஓரம் பெயர்ந்தது. வீட்டுக்கார ஆச்சி கேட்டார்: “இந்த பிளானை யாருய்யா போட்டது?” நான் பின்னால் நின்றேன். என் வரைபடத்தில் தப்பில்லை; அது மனையின் கேட்டோடு முடிந்துவிட்டது, அவ்வளவுதான்.

கனமான வணிகம் எது? நாலு மாடி நகைக்கடையைச் சுட்டுவோம். ஆனால் அதன் ஒரு வாரச் சரக்கு ஒரு காருக்குள் அடங்கும். தமிழ்நாட்டின் 2019ஆம் ஆண்டுக் கட்டட விதிகள் மனைப்பரப்பைப்போல் 2 மடங்கு தளம் கட்ட இடம் தருகின்றன. இரும்புக் கடை அதில் கால்வாசியைக்கூடத் தொடாது. எஃப்.எஸ்.ஐ. என்னும் இந்தத் தளப்பரப்பு விகிதம் அளப்பது கட்டடத்தின் கனத்தை. வியாபாரத்தின் கனமோ சக்கரத்தில் இருக்கிறது.

உயரத்துக்குச் சாலையோடு முடிச்சுப் போட விதிகளுக்குத் தெரியும். சென்னையின் இரண்டாம் முழுமைத் திட்டம், அடுக்குமாடிக்குத் தேவையான சாலை அகலம் மனைக்கு முன்னால் மட்டும் இருந்தால் போதாது, 500 மீட்டர் தூரத்துக்காவது இருக்க வேண்டும் என்றது. சரக்குக்கோ சென்னை தனி இடமே ஒதுக்கியது: கொத்தவால்சாவடியின் காய்கறி மொத்த வியாபாரம் 1996இல் கோயம்பேட்டுக்குப் போனது, இரும்புக்குச் சாத்தங்காடு, லாரிகளுக்கு மாதவரம்.

சிற்றூர்களுக்கு அந்த வசதி ஏது? பஜாரில் ஏற்கெனவே கடைகள் இருக்கின்றன, ஆகவே வரைபடத்தில் அது வணிகப் பகுதி. மாட்டுவண்டிக்காக அமைந்த தெருவுக்கும் அதே நிறம்தான். சரக்கு சுலபமாக வந்திறங்கும் பைபாஸ் ஓரமோ பெரும்பாலும் விவசாயப் பகுதி. அங்கே கிட்டங்கி கட்ட, 1971ஆம் ஆண்டு நகர் ஊரமைப்புச் சட்டத்தின் 32(4) பிரிவின்கீழ் நிலப்பயன்பாட்டை மாற்ற வேண்டும். அந்த அலைச்சலுக்குப் பயந்தே பலர் பஜாருக்குள் நெருக்கிக்கொள்கிறார்கள்.

அதனால் இப்போது அட்வான்ஸ் வாங்கும் முன்பே டேப்போடு தெருமுக்குக்குப் போய்விடுகிறேன். எந்தப் படிவமும் கேட்காத ஒரு தாளில் லாரி திரும்பும் வளைவை வரைந்து காட்டுகிறேன். சிலர் யோசிக்கிறார்கள், சிலர் வேறு ஆளிடம் போய்விடுகிறார்கள்.

அந்த இரும்புக் கடை பிறகு பைபாஸுக்கே போய்விட்டது. காலி மனையில் கல்யாண மண்டபம் கட்ட வேண்டுமென்று போன வாரம் ஒருவர் வந்தார். “கலர் சரியாத்தான இருக்கு, சார்?” என்றார்.

கலர் சரிதான். நான் டேப்பை எடுத்தேன்.