விரல் பதியாத கை

‘உரக் கடை மெஷினில் என் ரேகை விழவில்லை. உரம் இல்லை என்று திருப்பி அனுப்புகிறார்கள். நான் என்ன செய்வது?’

கேள்வி-பதில் பகுதிக்கு வந்த இந்தக் கடிதத்தை என்னிடம் கொடுத்துப் பதில் எழுதச் சொன்னார்கள். நாலு வரியில் எழுதிவிடலாம். ஆனால் இதே கேள்வியை 2019 ஐப்பசியில் ஒரு பெண் விவசாயி என்னிடம் நேரிலேயே கேட்டார். அன்று நான் சொன்ன பதில் தவறான பதில். அதையும் சேர்த்துச் சொன்னால்தான் இந்தப் பதில் முழுமையாகும் என்று தோன்றியது.

அப்போது நான் புதுக்கோட்டை மாவட்டத்தில் ஒரு வட்டாரத்தில் வேளாண்மை அலுவலராக இருந்தேன். மானிய உரத்தைப் பி.ஓ.எஸ். மெஷின் வழியாகத்தான் விற்க வேண்டும் என்ற முறை 2018இல் நடைமுறைக்கு வந்திருந்தது. விவசாயி விரல் வைத்து மூட்டையை வாங்கிய பிறகுதான் அந்த மூட்டைக்கான மானியம் உர நிறுவனத்துக்குப் போகும். கணக்கில் வராமல் யூரியா வேறு வேலைகளுக்குப் போவதைத் தடுக்க நல்ல ஏற்பாடுதான். கடைக்காரர்களுக்கு மெஷினைப் பழக்கிவிட்டதில் எனக்கும் பங்கு உண்டு.

ஒரு நாள் ஆய்வுக்காக ஒரு கடையில் உட்கார்ந்திருந்தேன். அறுபத்தைந்து வயது இருக்கும் அந்த அம்மாவுக்கு. 75 சென்ட் கண்மாய்ப் பாசனம், நெல். தூர் கட்டும் பருவம், மேலுரத்துக்கு ஒரு மூட்டை யூரியா வேண்டும். மறுநாள் அவருக்கு மடைத் தண்ணீர் முறை. கட்டைவிரலை வைத்தார், விழவில்லை. ஆள்காட்டி விரல், விழவில்லை. சேலைத் தலைப்பில் துடைத்துவிட்டு மறுபடியும் வைத்தார். சிவப்பு எழுத்துதான் வந்தது.

கடைக்காரர் என்னைப் பார்த்தார். நான், “ஆத்தா, ஆதார் மையத்துக்குப் போய் ரேகையைப் புதுப்பிச்சுட்டு வாங்க, அப்புறம் விழும்” என்றேன்.

“இது யாரு கைன்னு இந்த ஊருக்கே தெரியும் தம்பி. இந்த டப்பாவுக்கு மட்டும் தெரியலையாக்கும்” என்றார். கோபமாகச் சொல்லவில்லை. சிரித்துக்கொண்டேதான் சொன்னார். கடையில் இருந்தவர்களும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

டவுனுக்குப் போய் வர ஒரு நாள் போனது. அங்கே வரிசை நீளம், நாளைக்கு வா என்றார்கள். இரண்டாவது நாள் ரேகையை எடுத்துக்கொண்டு, பதிவாகச் சில நாள் ஆகும் என்றார்கள். திரும்பி வந்து வைத்தபோதும் மெஷின் ஒரே அடியாக ஏற்கவில்லை. கடைசியில் பக்கத்து வயல்காரர் தன் பெயரில் ஒரு மூட்டை வாங்கிக் கொடுத்தார். அதற்குள் 12 நாள் ஓடிவிட்டது. தண்ணீர் முறையும் தாண்டிவிட்டது.

பொங்கலுக்குப் பிறகு அறுவடைப் பரிசோதனைக்காக அந்தப் பக்கம் போனேன். வழக்கமாக 16, 17 மூட்டை காணும் வயல் 12 மூட்டையோடு நின்றிருந்தது. உரம் பிந்தியது மட்டும்தான் காரணம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் தூர் கட்டும் நேரத்தில் தழைச்சத்து கிடைக்காத பயிர் எப்படி இருக்கும் என்று படித்துப் பட்டம் வாங்கியவன் நான். வரப்பில் நின்று பார்த்தபோதே தெரிந்தது.

அதைவிட என்னை உறுத்தியது இன்னொன்று. ஆதார் ரேகை இல்லாவிட்டாலும் வாக்காளர் அடையாள அட்டையையோ கிசான் கிரெடிட் கார்டையோ கொண்டு உரம் வாங்கலாம் என்பது அந்த முறையிலேயே இருந்த வழி. அதைச் சொல்லும் தாள் என் மேசையில்தான் கிடந்தது. நான் அதைக் கவனித்துப் படிக்கவில்லை. அந்த அம்மாவின் இடுப்புப் பையில் வாக்காளர் அட்டை அன்றைக்கும் இருந்திருக்கிறது.

மன்னிப்புக் கேட்க அவர் வீட்டுக்குப் போனேன். திண்ணையில் உட்கார வைத்து மோர் கொடுத்தார். கையைக் காட்டச் சொன்னேன். விரல் நுனி வழவழவென்று இருந்தது. இளவயதில் கல் குவாரியில் ஜல்லி உடைத்தவர். அதன் பிறகு நாற்று நடவு, களை பறிப்பு, வெறுங்கையால் உரம் தெளிப்பு. “அறிவொளியில பேரெழுதப் படிச்சேன் தம்பி. கைநாட்டு வைக்கக் கூடாதுன்னு சொல்லிக் கொடுத்தாங்க. இத்தனை வருசம் கழிச்சு மறுபடி கட்டைவிரலக் கேக்குறாங்க. கொடுத்தா அது செல்லாதுங்குறாங்க” என்றார். அதற்கு எனக்குப் பதில் இல்லை.

ரேகை ஏன் விழுவதில்லை என்பதைச் சொல்ல வேண்டும். நம் விரல் நுனியில் வயலில் ஏர்ச்சால் ஓடுவதுபோல மேடும் பள்ளமுமாகக் கோடுகள் ஓடுகின்றன. தாய் வயிற்றில் இருக்கும்போதே உருவாகிவிடுபவை இவை. மெஷின் விரலின் படத்தை அப்படியே ஒப்பிடுவதில்லை. ஒரு கோடு எங்கே முடிகிறது, எங்கே இரண்டாகப் பிரிகிறது என்ற புள்ளிகளைக் குறித்துக்கொண்டு, ஆதாரில் பதிந்திருக்கும் புள்ளிகளோடு பொருத்திப் பார்க்கிறது. மண், கல், சுண்ணாம்பு, சிமென்ட், உரம் எல்லாம் மேல்தோலைத் தேய்த்துவிடுகின்றன. வெடிப்பு விழுந்தால் இல்லாத கோடு தெரிகிறது. நாள் முழுக்கச் சேற்றில் நட்ட விரல் ஊறிச் சுருங்கிவிடுகிறது. வயதானால் தோல் உலர்ந்து கோடுகள் மங்குகின்றன. போதுமான புள்ளி கிடைக்காவிட்டால் மெஷின் ‘இவர் அவர் இல்லை’ என்று சொல்லிவிடுகிறது. அது ஆள் மாறாட்டம் என்று பொருள் அல்ல. தேய்ந்த விரலை அதனால் படிக்க முடியவில்லை, அவ்வளவுதான்.

இந்தக் கைரேகை முறையே நம் நாட்டு உழைப்பாளிகளோடு தொடங்கியதுதான். 1858இல் வங்காளத்தின் ஜங்கிப்பூரில் வில்லியம் ஹெர்ஷல் என்ற ஆங்கிலேய அதிகாரி, சாலைக்கு ஜல்லி தருவதாக ஒப்புக்கொண்ட ராஜ்யதர் கோனாய் என்பவரின் உள்ளங்கையில் மை தடவி, ஒப்பந்தத்தின் பின்பக்கத்தில் பதிய வைத்தார். சொன்ன சொல்லை மாற்றாமல் இருக்க அது ஒரு பிடி. 1897இல் கல்கத்தாவில் குற்றவாளிகளை அடையாளம் காணக் கைரேகைப் பிரிவு தொடங்கினார்கள். 2010இல் ஆதார் வந்தது. பத்து விரல், இரண்டு கருவிழி, முகம் என எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டார்கள். இன்று ரேஷன், உரம், கிசான் பணம், வங்கி எல்லாம் அதோடு இணைந்துவிட்டன. யார் பெயரிலோ யாரோ வாங்குவது இதனால் குறைந்திருக்கிறது என்பதை மறுக்க முடியாது. ஆனால் அதிகம் தேயும் கை எதுவோ, அதுதான் இந்தச் சோதனையில் அதிகம் தோற்கிறது.

ரேகை பொருந்தவில்லை என்ற ஒரே காரணத்துக்காக ஒருவருக்குச் சேர வேண்டியதை மறுக்கக் கூடாது. வேறு வழியில் அடையாளத்தை உறுதி செய்து கொடுக்க வேண்டும். ஆதார் ஆணையமே 2017இல் சுற்றறிக்கை மூலம் இதைச் சொல்லியிருக்கிறது. ஆதார் வழக்கின் 2018 தீர்ப்பிலும் இது பேசப்பட்டது. நாம் சலுகை கேட்கவில்லை, விதியைக் கேட்கிறோம் என்று நினைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொரு ஆபத்தையும் சொல்ல வேண்டும். விரல் விழாமல் பழகியவர்களுக்குத்தான் இது அதிகம். ‘கிசான் பணம் வந்திருக்கா பார்க்கிறேன், விரல் வைங்க’ என்று சிறிய மெஷினோடு வீட்டுக்கே வருபவர்கள் உண்டு. ஆதார் எண்ணும் வங்கியின் பெயரும் ரேகையும் இருந்தால், ஓடிபி இல்லாமலேயே கணக்கிலிருந்து பணம் எடுக்கலாம். முதல் முறை வைத்ததும் பணம் போய்விடும். ஆனால் அவர், ‘விழல, இன்னொரு தடவை வைங்க’ என்பார். நமக்கு அது கேட்டுப் பழகிய வார்த்தை. சந்தேகமே வராது. தெலங்கானாவில் பத்திரங்களில் இருந்த ரேகையை எடுத்துப் போலி விரல் செய்த வழக்கும் உண்டு. கடவுச்சொல் போனால் மாற்றலாம், விரலை மாற்ற முடியாது.

அன்று கிளம்பும்போது அந்த அம்மா, “நீ சொன்னதையெல்லாம் ஒரு சீட்டுல எழுதிக் கொடு தம்பி. அடுத்த தடவை அங்க வேற யாராச்சும் உக்காந்திருப்பாங்க” என்றார். எழுதிக் கொடுத்தேன். பிறகு நான் பார்த்த வட்டாரங்களில் எல்லாம் அதைக் கடைச் சுவரில் ஒட்ட வைத்தேன். பிற்பாடு வந்த மாற்றங்களையும் சேர்த்து, கடிதம் எழுதியவருக்கும் அதையே தருகிறேன்.

* ஒரு விரல் விழாவிட்டால் பத்து விரலையும் முயன்று பாருங்கள். மோதிர விரலும் சுண்டு விரலும் குறைவாகத் தேய்ந்திருக்கும். விழும் விரலை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

* முதல் நாள் இரவு விரலில் தேங்காய் எண்ணெய் தடவி, காலையில் சோப்புப் போட்டுக் கழுவித் துடைத்துவிட்டுப் போங்கள். எண்ணெய்ப் பிசுக்கோடு வைத்தாலும் விழாது. மெஷின் கண்ணாடியையும் துடைக்கச் சொல்லுங்கள்.

* கோடுகளின் மூலம் உள்தோலில் இருக்கிறது. சில வாரம் கைக்கு ஓய்வு கொடுத்தால் பெரும்பாலும் திரும்ப வரும். ஆதாரில் ரேகையைப் புதுப்பிக்க வேலை இல்லாத மாதமாகப் பார்த்துப் போங்கள். உரம் தெளிக்கவும் மருந்து கலக்கவும் கையுறை போடுங்கள்.

* உரத்துக்கு வாக்காளர் அட்டை, கிசான் கிரெடிட் கார்டு வழி உண்டு. 2020க்குப் பிறகு ஓடிபி வழியும் வந்திருக்கிறது. கடைக்குப் போகும்போது அட்டையும் போனும் கையில் இருக்கட்டும்.

* ஆதாரோடு இணைத்த போன் எண் நடப்பில் இருக்கிறதா என்று இன்றே பாருங்கள். விரல் கைவிட்டால் துணைக்கு நிற்பது அதுதான்.

* பி.எம். கிசான் விவரச் சரிபார்ப்பை ஓடிபி மூலமோ, செயலியில் முகத்தைக் காட்டியோ முடிக்கலாம். ரேஷன் கடைக்குப் போக முடியாத முதியவர்கள் படிவம் கொடுத்து வேறொருவரை நியமிக்கலாம்.

* எதற்கு விரல் என்று கேட்காமல் விரல் வைக்காதீர்கள். ‘விழல’ என்றால் திரையைக் காட்டச் சொல்லுங்கள். பணம் எடுத்தால் ரசீது வாங்குங்கள். ஆதார் செயலியில் ரேகையைப் பூட்டி வைத்து, தேவைப்படும்போது மட்டும் திறக்கலாம். பணம் போனது தெரிந்தால் தாமதிக்காமல் 1930க்கு அழையுங்கள், வங்கிக்கும் சொல்லுங்கள். ஆதார் சந்தேகங்களுக்கு 1947.

* எல்லாம் சொல்லியும் கொடுக்க மறுத்தால், மறுப்பதை எழுதித் தரச் சொல்லுங்கள். அதோடு உங்கள் வட்டார வேளாண்மை விரிவாக்க மையத்துக்குப் போங்கள். அங்கே இருப்பவர் ‘ரேகையைப் புதுப்பிச்சுட்டு வாங்க’ என்று மட்டும் சொன்னால், இந்த இதழைக் காட்டுங்கள்.