சூடும் காரமும்

'ஹாட்' என்னும் ஆங்கிலச் சொல்லின் வறுமையை வகுப்பில் ஆண்டுதோறும் எள்ளி வந்திருக்கிறோம். கொதிக்கும் தேநீருக்கும் அதுதான், மிளகாய்க்கும் அதுதான், திருட்டுப் பொருளுக்கும்கூட. (நம்மூரில் அது பீர் அல்லாத மதுவகைகளைக் குறிக்கும் என்பதை மாணவர்கள்தாம் நமக்குக் கற்பித்தார்கள்.) சூடு வேறு, காரம் வேறு எனப் பகுத்தறிந்தது தமிழ் என்பது நம் பெருமிதம்.

டேவிட் ஜூலியஸ் குழுவினர் 1997இல் வெளியிட்ட ஆய்வைப் படித்தபோது அது ஆட்டம் கண்டது. மிளகாயின் கேப்சைசினும் 43 பாகை செல்சியஸை ஒட்டிய வெப்பமும் நரம்பில் திறப்பது ஒரே கதவைத்தான். 2021இல் அவருக்கு நோபெல் பரிசும் கிடைத்தது.

எண்ணிப் பார்த்தால், மிளகாயைக் கடித்ததும் நாமும் 'எரிகிறது' என்றுதானே அலறுகிறோம்? பெயரில் பிரித்ததை வினையில் சேர்த்தே வைத்திருக்கிறோம். இவ்வாண்டு அந்தப் பாடத்தை மாற்றி நடத்த வேண்டும்.