பாச்சலூர் மலைப்பாதையில் பிக்கப் தேடல்

ஒட்டன்சத்திரம் காந்தி காய்கறி மார்க்கெட்டின் முன்னால் அரை மணி நேரம் நின்றால் போதும், விவசாயி எந்தெந்த வண்டியை நம்புகிறார் என்பது தெரிந்துவிடும். கேரளாவுக்குப் புறப்படும் பெரிய லாரிகள் ஒருபுறம். அவற்றுக்குச் சரக்கு கொண்டுவந்து கொட்டும் சின்ன வண்டிகள் மறுபுறம். டிராக்டர் டிரெய்லர், மூன்று சக்கர ஆட்டோ, குட்டி யானை, தோஸ்த், பொலிரோ பிக்கப், இன்ட்ரா என எல்லாம் ஒரே சந்துக்குள் மூக்கை நுழைத்துக்கொண்டு நிற்கும்.

டாடா ஏஸ் 2005-ல் வந்தபோது அதற்கு 'குட்டி யானை' என்று பெயர் வைத்தது நம் மக்கள்தான். முக்கால் டன் ஏற்றிக்கொண்டு தோட்டத்து வண்டிப்பாதை வரை நுழையும் நான்கு சக்கர வண்டி அதுவரை சிறு விவசாயியின் கைக்கு எட்டவில்லை. 2011-ல் அசோக் லேலண்டின் தோஸ்த் வந்தது. 2019-ல் இன்ட்ரா. பொலிரோ பிக்கப்பில் மட்டும் 1.3 டன், 1.7 டன் என ரகங்கள் உண்டு. தேர்ந்தெடுக்க இவ்வளவு இருப்பதால்தான் 'எந்த பிக்கப் வாங்கலாம்?' என்ற கேள்வி இப்போது விதை, உரக் கேள்விகளுக்கு இணையாக வருகிறது. இந்தக் கேள்விக்கு ஒற்றை வரியில் பதில் சொல்பவர் ஒன்று வண்டி விற்பவராக இருப்பார், இல்லையென்றால் விவசாயம் செய்யாதவராக இருப்பார்.

ஒட்டன்சத்திரத்துக்கு வடக்கே கள்ளிமந்தையம், இடையகோட்டை பக்கம் முழுக்க சமவெளி. முருங்கையும் தக்காளியும் அங்கிருந்துதான் வருகின்றன. முருங்கைக்காய்க் கட்டு எடை குறைவு, இடத்தை அடைக்கும். தொட்டி நிரம்பிய பிறகும் வண்டி தாங்கும் எடையில் பாதிகூட வந்திருக்காது. அந்த விவசாயிக்கு வேண்டியது நீளமான தொட்டி, பெரிய இன்ஜின் அல்ல. தக்காளி அப்படியில்லை. 15 கிலோ பெட்டி 50 ஏற்றினால் காய் மட்டுமே 750 கிலோ. பிளாஸ்டிக் பெட்டிகளின் எடையும் ஓட்டுநரின் எடையும் சேர்ந்தால் முக்கால் டன் வண்டி அதன் எல்லையைத் தாண்டிவிடும். தொட்டியில் இன்னும் இடம் இருக்கும். அந்த இடத்தைப் பார்த்துத்தான் 'இன்னும் பத்துப் பெட்டி போடுங்க' என்று சொல்லத் தோன்றுகிறது.

எது முதலில் நிரம்புகிறது, இடமா எடையா? தன் பயிருக்கு இதைக் கணக்குப் பார்த்துவிட்டால் கடையில் காட்டும் வண்டிகளில் பாதி தானாகவே கழிந்துவிடும்.

தெற்கே கதை வேறு. வடகாட்டைத் தாண்டி, பரப்பலாறு அணையைப் பக்கவாட்டில் விட்டு ஏறும் சாலை பாச்சலூர் போகிறது. கீழ்ப்பழனி மலையின் தோட்டங்கள் அங்கிருந்து தொடங்குகின்றன. காபி, மிளகு, மலைவாழை, சௌசௌ, பீன்ஸ், பட்டர் ஃப்ரூட், ஆரஞ்சு என ஒரே தோட்டத்தில் நான்கைந்து பயிர்கள் கலந்து நிற்கும். இந்த மலைப்பகுதியின் விருப்பாட்சி மலைவாழைக்குப் புவிசார் குறியீடும் உண்டு. சாலை குறுகலானது. கொண்டை ஊசி வளைவுகளில் எதிரே பேருந்து வந்தால் யாராவது ஒருவர் பின்னால் எடுத்தாக வேண்டும். அந்தி சாய்ந்த பிறகு நிஜ யானை குறுக்கே வரும் பாதை இது, குட்டி யானை ஓட்டுபவர்கள் அதற்கு வழிவிட்டுத்தான் போகிறார்கள்.

மலைக்கு வண்டி தேடும் எல்லோரும் முதலில் கேட்பது, 'ஏற்றத்தில் இழுக்குமா?' என்றுதான். இந்தப் பாதையில் நாள் முழுக்க ஓடும் டிரைவர்கள் அதைக் கேட்டுச் சிரிக்கிறார்கள். காரணம் எளிது. விளைபொருள் மலையிலிருந்து கீழே இறங்குகிறது. முழு பாரமும் வண்டியில் இருப்பது இறக்கத்தில். மேலே ஏறும்போது பெரும்பாலும் காலி வண்டி, மிஞ்சினால் சில உர மூட்டைகள். ஆகவே இங்கே சோதிக்க வேண்டியது இன்ஜினின் இழுவையைவிட பிரேக்கையும், முதல் இரண்டு கியரில் இன்ஜின் வண்டியை எவ்வளவு பிடித்து நிறுத்துகிறது என்பதையும்தான்.

"ஏறும்போது எந்த கியர்ல ஏறுனமோ, இறங்கும்போதும் அதே கியருங்க. பிரேக்க மட்டும் நம்பி இறங்குனா நாலாவது வளைவுலயே கருகுற வாசம் வந்துரும்" என்கிறார், இருபது ஆண்டுகளாகக் காய்கறி லோடு ஓட்டும் ஒரு டிரைவர். பின்சக்கர டிரம் பிரேக் தொடர்ந்து அழுத்தப்படும்போது சூடேறி, லைனிங்கின் பிடிமானம் குறைகிறது. பெடல் கடைசிவரை போகும், வண்டி நிற்காது. டீசல் மிச்சம் என்று நியூட்ரலில் இன்ஜினை அணைத்து இறக்குபவர்கள் இன்னும் இருக்கிறார்கள். இன்ஜின் நின்றால் பிரேக்குக்குத் துணைசெய்யும் பூஸ்டரும் பவர் ஸ்டீயரிங்கும் கைவிட்டுவிடும். அரை லிட்டர் டீசலுக்கு உயிரை அடகு வைக்கும் வேலை அது.

காலி வண்டிக்கும் ஒரு கஷ்டம் உண்டு. பிக்கப்பின் முன்புறம் இன்ஜின் எடை, பின்புறம் காலித் தொட்டி. இழுப்பதோ பின்சக்கரம். வடகிழக்குப் பருவமழையில் தோட்டத்து மண்பாதை சேறாகும்போது, பாரம் இல்லாத பின்சக்கரம் ஒரே இடத்தில் சுற்றும். ஐந்தாறு எரு மூட்டைகளைப் பின் அச்சுக்கு மேலே போட்டுக்கொண்டு ஏறுவது இங்குள்ளவர்களின் வழக்கம். நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டி இருந்தால் நல்லதுதான். ஆனால் வருடத்தில் சில வாரச் சேற்றுக்காக அதன் கூடுதல் விலையையும் பராமரிப்பையும் சுமக்க வேண்டுமா என்பதை மண்பாதையின் நீளத்தைப் பார்த்து முடிவு செய்ய வேண்டும். கால் கிலோமீட்டர் பாதை என்றால் இரண்டு டிராக்டர் சரளை கொட்டுவது மலிவு.

பாச்சலூர் பக்கம் சௌசௌ பந்தலும் பீன்ஸும் வைத்திருக்கும் ஒரு விவசாயியும், அவருடைய தங்கையை மணந்த மாப்பிள்ளையும் இப்போது இந்த முடிவின் விளிம்பில் நிற்கிறார்கள். இருவருக்கும் அடுத்தடுத்த தோட்டம். இதுவரை வாடகை வண்டிதான். வண்டிக்காரர் எல்லாத் தோட்டத்திலும் மூட்டை எடுத்துக்கொண்டு மார்க்கெட் போய்ச் சேரும்போது, சில நாள் நல்ல விலை முடிந்துபோயிருக்கும். பறித்த பீன்ஸ் ஓர் இரவு மூட்டைக்குள் கிடந்தால் மறுநாள் அதன் நிறமே சொல்லிவிடும். சொந்த வண்டி ஆசை அங்கே பிறந்தது.

"1.7 டன்னாவே எடுத்துருவோம் மாமா. பெருசா இருந்தா பின்னால உதவும்" என்பது மாப்பிள்ளையின் கட்சி.

"பெருசு உதவும் மாப்ள, தவணையும் பெருசா வரும்ல" என்பது மாமனுடையது. முன்பணத்துக்கு வைக்கப்போவது அவர் மனைவியின் நகை. அதனால் கணக்கு நோட்டும் அந்த அம்மாவின் கையில்தான் இருக்கிறது.

அந்த நோட்டில் உள்ள கணக்கு எல்லோருக்கும் பயன்படும். 8 லட்சம் ரூபாய் கடன், 10 சதவிகித வட்டி, 5 ஆண்டு என்றால் மாதத் தவணை சுமார் 17,000 ரூபாய். இன்ஷூரன்ஸ், எஃப்.சி., டயர், சர்வீஸுக்கு மாதம் 5,000 ஒதுக்க வேண்டும். வண்டி நின்றாலும் ஓடினாலும் 22,000 ரூபாய் போகும். ஒரு நடைக்கு 7 லிட்டர் டீசல், அதாவது 650 ரூபாய் என்று வைத்தால், மாதம் 16 நடைக்கு 10,400. ஆக மொத்தம் 32,400 ரூபாய். வாடகையாகக் கொடுத்துவந்தது 50 கிலோ மூட்டைக்கு 80 ரூபாய் என்று கொள்வோம். 1.3 டன் வண்டியில் 26 மூட்டை. 16 நடையும் முழு பாரத்தோடு போனால் 416 மூட்டை, 33,280 ரூபாய் வாடகை மிச்சம். செலவும் வரவும் ஏறக்குறைய சமம். ஓட்டுபவரின் கூலி இதில் சேரவில்லை.

ஒரு குடும்பத்தின் சரக்கு மட்டும் மாதம் 200 மூட்டைதான் என்பது அந்த அம்மாவின் குறிப்பு. அப்படியானால் தனியாக வாங்குவது நகையைக் கரைக்கும் வேலை. இரண்டு தோட்டத்துச் சரக்கும் சேர்ந்தால்தான் இந்த வண்டி நிற்கும். திரும்பி வரும்போது கீழிருந்து எருவோ உரமோ தீவனமோ ஏற்றி வந்தால்தான் கையில் காசு மீறும். 1.7 டன் வண்டியை நிரப்ப இவர்களிடம் சரக்கே இல்லை. ஆரஞ்சும் வாழையும் ஒன்றாக வரும் சில வாரங்களுக்கு ஒரு நடை கூடுதலாக அடிக்கலாம், அல்லது அந்த வாரம் மட்டும் வாடகை வண்டி பிடிக்கலாம். வருடத்தில் அதிகமாக விளையும் நாளைப் பார்த்து வண்டி எடுப்பவர், மற்ற நாளெல்லாம் காற்றைச் சுமப்பார்.

இதில் ஒரு சட்ட விஷயமும் உண்டு. வண்டி, பாரம், ஆள் எல்லாம் சேர்ந்த மொத்த எடை 3,000 கிலோவைத் தாண்டாத சரக்கு வாகனத்துக்கு மோட்டார் வாகனச் சட்டப்படி பெர்மிட் தேவையில்லை. 1.3 டன் ரகங்கள் பலவும் இதற்குள் அடங்கும், 1.7 டன் அடங்காது. வாங்கும் முன் அந்த மாடலின் மொத்த எடையைக் காகிதத்தில் பார்த்துவிட வேண்டும். எஃப்.சி. மட்டும் எல்லாச் சரக்கு வண்டிக்கும் உண்டு, முதல் 8 ஆண்டுகளுக்கு இரண்டு வருடத்துக்கு ஒருமுறை, பிறகு வருடம்தோறும். லைசென்ஸ் குறித்த பயம் இனி வேண்டாம். இலகுரக வாகன லைசென்ஸ் வைத்திருப்பவர் 7,500 கிலோவுக்குட்பட்ட சரக்கு வாகனத்தை ஓட்டலாம் என்று 2017-ல் சொன்ன தீர்ப்பை, 2024 நவம்பரில் உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வு உறுதி செய்திருக்கிறது.

அதிக பாரத்துக்கு மத்தியச் சட்டம் சொல்லும் அபராதம் 20,000 ரூபாய், கூடுதலான ஒவ்வொரு டன்னுக்கும் 2,000. இது தெரிந்தும் புது வண்டி எடுத்த வாரமே பின்புறம் இரண்டு ஸ்பிரிங் பட்டை கூடுதலாகப் போட்டு, தொட்டிக்கு மேல் இரும்புக் கிராதி உயர்த்துகிறார்கள். பட்டை பாரத்தைத் தாங்கும். பிரேக்கும் அச்சும் பழையவையே. கிராதியின் எடையும் ஏற்றக்கூடிய பாரத்தில்தான் கழியும். பழைய வண்டி வாங்குபவர்கள் முதலில் குனிந்து பார்க்க வேண்டியதும் இந்தப் பட்டைகளைத்தான். கூடுதல் பட்டை போட்ட வண்டி, வாழ்நாள் முழுக்க என்ன சுமந்தது என்பதைத் தானே சொல்லிவிடும். சேஸிஸில் வெல்டிங் தழும்பு இருந்தால் விலை பேசவே வேண்டாம்.

காலையில் பறிப்புக்குக் கூலியாட்களைத் தொட்டியில் நிற்கவைத்துக் கூட்டிப் போவது இந்த மலையில் மட்டுமல்ல, எங்கும் நடக்கிறது. சரக்கோடு அதன் உரிமையாளரோ அவருடைய ஆளோ போனால் இன்ஷூரன்ஸ் உண்டு. கூலிக்கு வரும் பெண்கள் பத்துப் பேர் தொட்டியில் இருக்கும்போது வண்டி கவிழ்ந்தால், இழப்பீட்டுப் பொறுப்பு நிலத்தை விற்கும் அளவுக்கு உரிமையாளர் தலையில் வந்து விழும். ஆட்களைக் கூட்டிவருவது அன்றாடத் தேவை என்றால், தொட்டி சிறிதானாலும் இரண்டு வரிசை இருக்கை உள்ள கேம்பர் ரகத்தைப் பார்ப்பதே சரி.

சி.என்.ஜி. வண்டி சமவெளியில் செலவைக் குறைக்கிறது. பங்க் அருகிலேயே உள்ள முருங்கை விவசாயி தாராளமாகப் பார்க்கலாம், மலைக்கு இப்போதைக்கு டீசல்தான். சரக்கு வாகனங்களுக்கான ஜி.எஸ்.டி. 2025 செப்டம்பர் 22 முதல் 28-லிருந்து 18 சதவிகிதமாகக் குறைந்திருக்கிறது. பழைய விலைப்பட்டியலைக் காட்டினால் புதியதைக் கேட்டு வாங்க வேண்டும்.

மாமனும் மாப்பிள்ளையும் 1.3 டன் ரகத்தில் இரண்டு கம்பெனி வண்டிகள் வரை சுருக்கிவிட்டார்கள். இரண்டில் எது என்பதை, உதிரி பாகம் எந்த ஊரில் அன்றே கிடைக்கிறது என்பதையும், கொண்டை ஊசி வளைவில் ஒரே வெட்டில் திரும்புகிறதா என்பதையும் பார்த்து முடிவு செய்வார்களாம். டெமோ வண்டியைப் புறவழிச்சாலையில் ஓட்டிக் காட்டிய விற்பனைப் பிரதிநிதியிடம், "தம்பி, இருபது மூட்டை சௌசௌ ஏத்தித் தர்றோம். பாச்சலூர்ல இருந்து வடகாடு வரைக்கும் இறக்கிக் காட்டுங்க" என்று கேட்டிருக்கிறார் மாமன். ஒரு ஷோரூம்காரர் யோசித்துச் சொல்வதாகச் சொல்லிவிட்டார். இன்னொருவர் வருகிற புதன்கிழமை வண்டியை மேலே அனுப்புகிறார், டீசல் செலவு மட்டும் இவர்களுடையது. அன்றைக்கென்று பறிப்பை ஒரு நாள் தள்ளி வைத்திருக்கிறார்கள்.