மகனுக்கு ஒரு ஸ்டீயரிங்: எதைப் பார்த்து வாங்குவது?

கணினி விளையாட்டுகள் கூடுமா, கூடாதா என்று மதரஸாவுக்குப் பிள்ளைகளை அழைத்து வரும் பெற்றோர் என்னிடம் அடிக்கடி கேட்பதுண்டு. சூதாட்டமும் ஆபாசமும் இல்லாமல், தொழுகையையும் கடமைகளையும் பாழாக்காமல் இருந்தால் அதுவும் ஆகுமான பொழுதுபோக்குகளுள் ஒன்றே என்று ஆலிம்கள் பலர் தரும் விளக்கத்தை எடுத்துச் சொல்வேன். பேச்சு அத்துடன் முடிந்துவிடும். ஆனால் ஆகுமான ஒரு பொருளை எந்த நோக்கத்திற்காக, எந்த அளவில், என்ன விலைக்கு வாங்குவது என்பது வேறொரு கேள்வி. சென்ற கோடை விடுமுறையில் அக்கேள்வி எங்கள் வீட்டிற்கே வந்தது.

பதினொன்றாம் வகுப்பை முடித்திருந்த என் மகனுக்கு அப்போது வயது 16. கணினியில் கார்ப் பந்தயம் ஓட்டுவதில் அவனுக்கு ஆர்வம் அதிகம். "அத்தா, எனக்கு பைக் வேணாம். ஃபோர்ஸ் ஃபீட்பேக் உள்ள ஸ்டீயரிங் ஒண்ணு வாங்கித் தாங்க" என்றான். உறவினர் சிலர் சிரித்தனர். "பொம்மைக்குக் கொடுக்கும் காசில் பழைய பைக்கே வாங்கிவிடலாமே" என்றனர்.

அந்தச் சொல் என்னைச் சிந்திக்க வைத்தது. கொடைக்கானல் 7,000 அடி உயரத்தில் இருக்கும் ஊர். வத்தலக்குண்டிலிருந்து ஏறினாலும் பழனியிலிருந்து ஏறினாலும் கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்தே வரவேண்டும். மழைக்காலத்தில் பெருமாள்மலைக்கு மேல் பட்டப்பகலிலும் மூடுபனி சாலையை மறைத்துவிடும். இம்மலைப்பாதையில் பிள்ளையை இழந்த வீடுகளுக்கு ஆறுதல் சொல்லச் சென்று, சொல் எழாமல் அமர்ந்திருந்த நாட்கள் எனக்குண்டு. சட்டமும் தெளிவாகவே இருக்கிறது. 2019-இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின்படி, 18 வயது நிரம்பாதவர் வாகனம் ஓட்டிக் குற்றம் இழைத்தால் பெற்றோருக்கு 3 ஆண்டு வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் விதிக்கப்படலாம். அப்பிள்ளை 25 வயது வரை உரிமம் பெறவும் இயலாது. ஆகவே பைக்கா, ஸ்டீயரிங்கா என்பதில் எனக்குத் தயக்கம் எழவில்லை. எந்த ஸ்டீயரிங் என்பதே கேள்வியாயிற்று.

கையோடு பேசும் கருவி

இக்கருவியின் இயல்பை முதலில் அறிந்துகொள்ள முயன்றேன். சாதாரண விளையாட்டு ஸ்டீயரிங்கில் ஒரு சுருள்வில் மட்டுமே இருக்கும். எப்பக்கம் திருப்பினாலும் அது ஒரே விதமாக நடுவிற்கு இழுக்கும். ஃபோர்ஸ் ஃபீட்பேக் ஸ்டீயரிங்கில் மின்மோட்டார் இருக்கிறது. முன்சக்கரங்களின் மீது விழும் விசைகளை விளையாட்டு மென்பொருள் நொடிக்கு நொடி கணக்கிட்டு அந்த மோட்டாருக்கு அனுப்புகிறது. வளைவில் வேகமாகத் திரும்பினால் ஸ்டீயரிங் கனக்கும். முன்சக்கரங்கள் பிடிப்பை இழந்து வழுக்கத் தொடங்கினால் அந்தக் கனம் சட்டென்று குறையும். கண் காண்பதற்கு முன்பே கை அறிந்துகொள்ளும். இதுவே இக்கருவியின் பயன்.

விசையைக் கைக்குக் கொண்டு சேர்க்கும் முறைகள் மூன்று. முதலாவது பல்சக்கர முறை. லாஜிடெக் ஜி29 இவ்வகை. உறுதியானது, விலையும் ஒப்பீட்டளவில் குறைவு. ஆனால் பற்களின் கரகரப்பு கைக்குத் தெரியும், ஓசையும் உண்டு. இரண்டாவது பெல்ட் முறை. த்ரஸ்ட்மாஸ்டர் டி300 இவ்வகை. இழுப்பு மென்மையாகவும் ஓசை குறைவாகவும் இருக்கும். மூன்றாவது டைரக்ட் டிரைவ். இதில் இடையில் பல்லும் இல்லை, பெல்ட்டும் இல்லை. மோட்டாரின் தண்டிலேயே ஸ்டீயரிங் பூட்டப்படுகிறது. மோசா ஆர்5, ஃபனாடெக் சிஎஸ்எல் டிடி ஆகியவை இவ்வகை. நுட்பம் மிக அதிகம், செலவும் அதிகம்.

விசையின் அளவை நியூட்டன் மீட்டரில் குறிப்பிடுவார்கள். மையத்திலிருந்து 10 செ.மீ. தொலைவில் ஒரு கிலோ எடையைத் தொங்கவிட்டால் உண்டாகும் திருகுவிசை ஏறத்தாழ 1 நியூட்டன் மீட்டர். ஜி29 தருவது சுமார் 2. சிஎஸ்எல் டிடி 5 தரும். பெரிய மின்வழங்கியைச் சேர்த்தால் 8. மோசா ஆர்5 தருவது 5.5. எண்ணைக் கண்டதும் பெரியதே சிறந்தது என்று மகன் முடிவு செய்துவிட்டான்.

குதிரைகளின் தூரம்

அப்போது நான் அவனுக்கு நினைவூட்டியது ஒரு நபிமொழிச் செய்தியை. நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் மதீனாவில் குதிரைப் பந்தயம் நடத்தினார்கள். பயிற்சி பெற்று மெலிவிக்கப்பட்ட குதிரைகளுக்கு ஹஃப்யா என்னும் இடத்திலிருந்து ஸனிய்யத்துல் வதா வரை தூரம் வகுத்தார்கள். பயிற்சி பெறாத குதிரைகளுக்கு அங்கிருந்து பனூ ஸுரைக் பள்ளிவாசல் வரையிலான குறுகிய தூரத்தையே வகுத்தார்கள். அப்பந்தயத்தில் தாமும் கலந்துகொண்ட இப்னு உமர் (ரலி) அவர்கள் இதனை அறிவிக்கிறார்கள், புகாரியில் பதிவாகியுள்ளது.

பந்தயம் ஆகுமானது என்பதற்கு ஆதாரமாக இச்செய்தியைப் பலரும் எடுத்துக் கூறுவர். எனக்கு இதில் இன்னொரு பாடமும் தெரிகிறது. பயிற்சியின் அளவுக்கு ஏற்பவே தூரம் வகுக்கப்பட்டது. எல்லாக் குதிரைகளையும் நெடுந்தூரம் ஓடச் செய்யவில்லை. பொருள் வாங்குவதிலும் இந்த அளவறிதல் வேண்டும். விசைப்பலகையில் மட்டுமே ஓட்டிப் பழகிய பிள்ளைக்கு 8 நியூட்டன் மீட்டர் தேவையில்லை. வீணான செலவு என்பதுடன், பொருத்தும் மேசையே அந்த விசையைத் தாங்காமல் ஆடும்.

அவனிடமும் ஒரு வாதம் இருந்தது. 2011-இல் ஜிடி அகாடமி போட்டியில் விளையாட்டின் வழியே தேர்வான ஓர் இளைஞர், 2013-இல் லெ மான் பந்தயத்தில் தம் பிரிவில் மூன்றாம் இடம் பெற்றார் என்றான். உண்மைதான். ஆனால் தேர்வுக்குப் பின் அவர் மெய்யான களங்களில் மெய்யான கார்களில் பயிற்சி பெற்றார் என்பதையும் சேர்த்துப் படிக்கச் சொன்னேன். பார்முலா ஒன் பந்தயத்தில் ஓட்டிய முதல் இந்தியரான நரேன் கார்த்திகேயன், நம் மலையிலிருந்து இறங்கினால் சில மணி நேரத்தில் எட்டிவிடும் கோயம்புத்தூர்க்காரர். 2005-இல் அந்த இடத்தை எட்டுவதற்கு முன் அவரும் பல ஆண்டுகள் படிப்படியாகவே ஏறினார்.

எங்கள் தேர்வு

வீட்டுச் செலவு போக இதற்கென 20,000 ரூபாய் ஒதுக்க முடிந்தது. கடன் வேண்டாம், தவணையும் வேண்டாம் என்பதில் இல்லாளும் நானும் உறுதியாக இருந்தோம். ஆகவே பழைய ஜி29 ஒன்றைத் தேடினோம். மதுரையில் கல்லூரி மாணவர் ஒருவரிடம் கிடைத்தது. வாங்குமுன் அவர் வீட்டிலேயே கணினியில் இணைத்துச் சோதித்தோம். மின்னிணைப்பு தந்தவுடன் ஸ்டீயரிங் தானாக இருபுறமும் முழுமையாகச் சுற்றி நடுவில் நிற்கிறதா? பெடல்களை மெல்ல அழுத்தினால் திரையில் அளவு சீராக உயர்கிறதா, துள்ளுகிறதா? பிடிப்புத் திருகுகள் மேசையை இறுகப் பற்றுகின்றனவா? அதற்குரிய மின்வழங்கியே உடன் வருகிறதா? பழைய கருவி வாங்குவோர் இந்நான்கையும் பார்த்தாக வேண்டும்.

மூன்று பெடல்கள் இருந்ததும் எனக்கு முக்கியமாகப்பட்டது. நம் ஊர்க் கார்களில் கிளட்ச் இன்றியமையாதது. கியர் தண்டைத் தனியாக வாங்கி இடப்பக்கம் பொருத்தினோம். இந்தியக் காரில் இடக்கையே கியர் போடுகிறது. பந்தயத்திற்கு அசெட்டோ கோர்சா என்றால், நிதானத்திற்கு யூரோ டிரக் சிமுலேட்டர் 2. அதில் பிரிட்டன் சாலைகளில் நம்மைப் போலவே இடப்புறம் செல்லலாம். சிக்னலை மதிக்காவிட்டால் அபராதமும் உண்டு.

நிபந்தனைகளையும் பேசி வைத்தோம். இணையப் பந்தயத்தை நடுவில் நிறுத்தி வைக்க இயலாது. எனவே தொழுகை நேரத்தின் குறுக்கே வரும் பந்தயத்தில் சேரக்கூடாது. பணம் கட்டி ஆடும் எதுவும் கூடாது. அது மார்க்கம் தடுத்த சூது. நாட்டின் சட்டமும் 2025-இல் பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளைத் தடை செய்துவிட்டது. பல்சக்கர ஓசை சுவர் தாண்டும். எனவே இஷாவுக்குப் பின் அரை மணி நேரத்திற்கு மேல் ஓடக்கூடாது. தங்கைக்கும் முறை உண்டு.

கருவி சொல்லித்தராதவை

மாதங்கள் கடந்தன. அவன் கை பக்குவப்பட்டிருப்பதைக் காண்கிறேன். ஆயினும் அவனிடம் அடிக்கடி சொல்லும் சில உண்மைகள் உண்டு. திரையில் கார் உருண்டால் ஒரு பொத்தானில் மீண்டும் தொடங்கலாம். வெள்ளி அருவிக்குக் கீழே உள்ள வளைவில் அப்பொத்தான் இல்லை. நீண்ட இறக்கத்தில் பிரேக்கை மட்டுமே நம்பினால் அது சூடேறிப் பிடிப்பை இழக்கும்; குறைந்த கியரில் இறங்க வேண்டும். குறுகிய மலைச்சாலையில் ஏறி வரும் வாகனத்திற்கு இறங்குபவரே வழிவிட வேண்டும். எதிரே வரும் பேருந்தில் 50 உயிர்கள் இருக்கின்றன. அந்த அமானிதத்தின் கனத்தை எந்த மோட்டாரும் கைக்கு உணர்த்தாது. அதைப் பெற்றோரே சொல்லித்தர வேண்டும்.

இதுபோன்ற கேள்வி உங்கள் வீட்டிற்கும் வரலாம். ஆகுமா என்று கேட்டு அறிந்தபின், பிள்ளையோடு அமர்ந்து இன்னும் மூன்றைக் கேளுங்கள்: இது எதைக் கற்பிக்கும், நம் அளவுக்கு உரியதா, இதைவிட ஆபத்தான எதனிடமிருந்து இது பிள்ளையைத் தடுக்கும்? மறுப்பதாக இருந்தாலும் காரணத்தோடு மறுக்கலாம். வாங்குவதாக இருந்தாலும் கணக்கோடு வாங்கலாம். நம் பிள்ளைகள் ஒவ்வொரு வளைவையும் பத்திரமாகக் கடந்து வீடு வந்து சேர வல்ல அல்லாஹ் அருள் புரிவானாக. ஆமீன்.