தோள் வலிக்குது என்று பிள்ளை சொன்னால்



வலயமட்டப் போட்டிகள் நெருங்குகின்றன. பின்னேரம் மைதானப் பக்கம் போனால் ஹேண்ட்போல் பிள்ளைகள் மஃரிப் வரைக்கும் கோலுக்குப் பந்தெறிந்து கொண்டிருப்பதைப் பார்க்கலாம். பார்க்கச் சந்தோசம்தான். ஆனால் அந்தத் தோள்களைப் பற்றி பெற்றோருக்கும், என்னைப்போல் விளையாட்டுக்குப் பொறுப்பாக இருக்கிற ஆசிரியர்மாருக்கும் கொஞ்சம் சொல்ல வேண்டியிருக்கிறது.

ஹேண்ட்போலில் எறிவது கை மட்டும் செய்கிற வேலை இல்லை. ஊன்றுகிற காலில் தொடங்கி, இடுப்பு திரும்பி, நெஞ்சு திரும்பி, அதற்குப் பிறகுதான் தோள், முழங்கை, மணிக்கட்டு. ஓடி ஓடிக் கால் களைத்த பிள்ளை உயரப் பாயாது, இடுப்பும் முழுதாகத் திரும்பாது. ஆனால் கோல் போட வேண்டுமே! குறைந்த வேகத்தை ஈடுகட்ட தோளை மட்டும் வைத்து இழுக்கும். முழங்கை கீழே இறங்கியிருக்கும். கோட்டுக்கு வெளியே நிற்கிற நாங்கள் "இன்னும் பலமா எறி மகன்" என்று கத்துவோம்.

பந்து கையை விட்டுப் போன பிறகும் கை முன்னுக்குப் பாய்ந்துகொண்டுதான் இருக்கும். அதைப் பிடித்து நிறுத்துவது தோளின் பின்பக்கத்துச் சின்னத் தசைகள். மோட்டார் சைக்கிளுக்கு பிரேக் மாதிரி. அந்தத் தசைகள் களைத்துப்போனால் சுமை மூட்டிலும் நரம்பு நாரிலும் விழும். களைத்த தோளுக்கு, தான் எந்த நிலையில் இருக்கிறோம் என்ற உணர்வும் மங்கும். குறி தவறுவதற்கு கவனக்குறைவுதான் காரணம் என்று எல்லா நேரமும் ஏசக்கூடாது.

14, 15 வயதில் இன்னொரு சங்கதி. மேற்கை எலும்பின் தலைப்பக்கம் இன்னும் வளர்ந்துகொண்டிருக்கும். அந்த வளர்ச்சிப் பகுதி மென்மையானது. ஓய்வில்லாமல் எறிந்தால் அங்கேயே நோவு தொடங்கும். அமெரிக்காவில் சிறுவர் பேஸ்போலான லிட்டில் லீக்கில், பந்து வீசுகிற பிள்ளை ஒரு நாளைக்கு இத்தனைதான் வீசலாம் என்று சட்டமே இருக்கிறது. 11, 12 வயதுக்கு 85. ஹேண்ட்போலில் அப்படி ஒரு எண்ணிக்கை இல்லை. எண்ண வேண்டியவர்கள் நாங்கள்தான்.

டென்மார்க்கில் 679 இளம் ஹேண்ட்போல் வீரர்களை 31 வாரம் கவனித்து, 2017இல் முடிவை வெளியிட்டார்கள். முந்தைய நான்கு வாரச் சராசரியைவிட ஒரு வாரத்தில் 60 வீதத்துக்கு மேல் விளையாட்டைக் கூட்டியவர்களுக்கு தோள் காயம் ஏறக்குறைய இரண்டு மடங்கு. இதை வாசித்தபோது எங்கள் பாடசாலைகள்தான் ஞாபகம் வந்தன. வருடம் முழுக்கப் பந்து அலுமாரிக்குள். போட்டித் திகதி வந்ததும் இரண்டு வாரம் தினமும் இரண்டு மணித்தியாலம். இது 60 வீதம் இல்லை, பூச்சியத்திலிருந்து ஒரேயடியாக ஏறுவது.

அதே வருடம் நோர்வேயிலிருந்தும் ஒரு முடிவு வந்தது. பயிற்சிக்கு முன் 10 நிமிடம், வாரத்தில் மூன்று நாள், தோளையும் முதுகையும் பலப்படுத்தும் பயிற்சி செய்த அணிகளில் தோள் பிரச்சினை 28 வீதம் குறைந்திருந்தது. பெரிய உபகரணம் ஒன்றும் தேவையில்லை. ஒரு ரப்பர் பட்டி, ஒரு பந்து, ஒரு கூட்டாளி.

பந்தையும் பாருங்கள். 12 தொடக்கம் 16 வயது ஆண்பிள்ளைகளுக்குரியது 2ஆம் இலக்கம், 325 முதல் 375 கிராம். பெரிய ஆண்களின் 3ஆம் இலக்கப் பந்து 425 முதல் 475 கிராம். "இருக்கிற பந்து இதுதான் சேர்" என்று அதையே 14 வயதுப் பிள்ளையிடம் கொடுப்பது பல இடங்களில் நடக்கிறது. ஒவ்வொரு எறிக்கும் 100 கிராம் கூட. பழைய மாணவர்கள் ஜேர்சி அடித்துத் தருவதாகச் சொன்னால், முதலில் இரண்டு சரியான பந்து கேளுங்கள் என்பது என் அபிப்பிராயம். ஜேர்சி போட்டோவுக்கு நல்லாயிருக்கும், அவ்வளவுதான்.

"களைத்த பிறகும் எறிந்து பழகினால்தானே மெட்ச்சில் எறியலாம்" என்று ஒரு நண்பர் கேட்டார். அதில் உண்மை இருக்கிறது. ஆனால் அதற்குப் பத்து எறி போதும், நூறு வேண்டாம். அதுவும் பலமாக அல்ல, கோலின் மூலையைப் பார்த்து. பலமான எறிகளைப் பயிற்சியின் தொடக்கத்தில், உடம்பு புதிதாக இருக்கும்போது வைத்தால், ஓட்டத்தைப் பிறகு வைக்கலாம். மெட்ச்சில் மாற்று வீரரை எத்தனை தரமும் இறக்கலாம், மேசையில் சொல்லக்கூடத் தேவையில்லை. அப்படியிருந்தும் நன்றாக எறிகிற ஒரே பிள்ளையைக் கடைசி விசில் வரைக்கும் நிறுத்தி வைத்திருப்போம். வாங்கில் இருக்கிற மற்றப் பிள்ளைகளும் விளையாடத்தானே வந்தார்கள்?

வாப்பாமார், உம்மாமாருக்கு ஒன்று. வலி என்றால் அணியிலிருந்து எடுத்துவிடுவார்கள் என்ற பயத்தில் பிள்ளை சேரிடம் சொல்லாது. வீட்டில் நீங்கள்தான் கேட்க வேண்டும். சட்டை கழற்றும்போது நோகுதா, அந்தப் பக்கம் சரிந்து படுக்க முடிகிறதா என்று. ஆம் என்றால் எண்ணெய் தடவி மறுநாள் மைதானத்துக்கு அனுப்பாதீர்கள். எறிவதை நிறுத்தி டொக்டரிடம் காட்டுங்கள். எங்களுக்கும் ஒரு வார்த்தை சொல்லுங்கள். யார் வந்து சொன்னாலும் பிள்ளையின் பெயரை வெட்ட மாட்டோம். அந்த வாரம் எறியாமல், ஓட்டமும் தடுப்பாட்டமும் பழகலாம்.