துவாய் யார் கையில?

"தாழ்ச்சியா இரு பிள்ள." இதை நம்ம ஊரில் யாருக்குச் சொல்றாங்க எண்டு கவனிச்சிருக்கீங்களா? பெரும்பாலும் பொம்பிளப் பிள்ளைகளுக்கு. இன்னொருவர் வீட்டில் வேலைக்கு நிற்கிறவங்களுக்கு. கூட்டத்தில் எழும்பிக் கேள்வி கேட்கிற இளம் ஆக்களுக்கு. பங்குச் சபைத் தலைவருக்கு யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. ஏற்கனவே கீழே இருப்பவரை இன்னும் கொஞ்சம் குனிய வைக்கத்தான் அந்தச் சொல் கூடுதலாகப் பயன்படுகிறது.

பல்கலைக்கழகப் பகிடிவதைக்கும் இதே நியாயம்தான். "புதுசா வாறவங்கட தலைக்கனத்தைக் குறைக்கிறம்" என்பார்கள். 1998இல் 20ஆம் இலக்கச் சட்டம் பகிடிவதையைக் குற்றமாக்கியும் அந்த நியாயம் இன்னும் சாகவில்லை.

கிறிஸ்தவம் சொல்கிற தாழ்ச்சி இதுக்கு நேர் எதிரானது. பெரிய வியாழன் பூசையில் வருசா வருசம் பாதம் கழுவும் சடங்கைப் பார்க்கிறோம். அது யோவான் நற்செய்தியின் 13ஆம் அதிகாரத்தில் வரும் சம்பவம். புழுதியில் நடந்து வந்தவரின் கால் கழுவுவது அந்தக் காலத்தில் வேலைக்காரரின் வேலை. இயேசு சீடர்களைக் குனியச் சொல்லவில்லை. போதகர் என்று அழைக்கப்பட்ட அவரே துவாயை இடுப்பில் கட்டிக்கொண்டு குனிந்தார். பேதுரு வேண்டாம் எண்டு மறிச்சும் விடவில்லை. 2013இல் பாப்பரசர் பிரான்சிஸ் உரோமையில் சிறுவர் சிறைச்சாலை ஒன்றுக்குப் போய், பெண் பிள்ளைகள், முஸ்லிம்கள் உட்பட 12 பேரின் கால்களைக் கழுவினார். தாழ்ச்சி என்பது மேலே இருப்பவர் தானாக இறங்குவது. மற்றவரை இறக்குவது அல்ல.

இதுக்கு உரோமை வரை போகத் தேவையில்லை. நம்ம திருமலையில் படிப்பிச்ச பாதர் யூஜின் ஹேபரைப் பாருங்க. 1923இல் அமெரிக்காவின் லூசியானாவில் பிறந்த இயேசு சபைத் துறவி அவர். 1948இல் இலங்கைக்கு வந்தார். திருகோணமலை புனித சூசையப்பர் கல்லூரியிலும், பிறகு மட்டக்களப்பு புனித மிக்கேல் கல்லூரியிலும் பெடியன்களுக்குக் கூடைப்பந்தாட்டம் பழக்கினார். பயிற்றுநரின் வேலையே அப்படித்தான். கோட்டுக்கு வெளியே நிண்டு தனக்குத் தெரிஞ்சதெல்லாம் பிள்ளைகளுக்குக் குடுக்க வேணும். புள்ளியும் கைதட்டலும் அவங்களுக்குத்தான்.

1990இல் போர் திரும்பவும் தொடங்கியபோது அவருக்கு 66 வயது. விரும்பியிருந்தால் பிறந்த நாட்டுக்குப் போயிருக்கலாம். போகவில்லை. ஆகஸ்ட் 15ஆம் திகதி, வாழைச்சேனையிலிருந்து மட்டக்களப்புக்கு ஸ்கூட்டரில் வெளிக்கிட்டார். கூட ஒரு தமிழ் இளைஞரும் இருந்தார். இரண்டு பேரும் போய்ச் சேரவேயில்லை. இண்டைக்கு வரைக்கும் கண்டுபிடிக்கப்படவும் இல்லை. திருமலையிலிருந்து வந்தாறுமூலைக்கு பஸ் ஏறுகிற நாங்கள் எல்லாரும் வாழைச்சேனை தாண்டினால் போவது அந்த ரோட்டால்தான்.

அந்த இளைஞரையும் நான் நினைக்கிறேன். போக அவருக்கு வேறு நாடு இருக்கவில்லை. அவருக்கு நடந்ததைத் தாழ்ச்சி எண்டு புகழ்ந்தால் அது அநியாயம். பாதருக்கு ஒரு தெரிவு இருந்தது. இருந்தும் அவர் தெரிவே இல்லாத சனத்தோடு நின்றார். தாழ்ச்சி எண்டு நான் சொல்வது அதைத்தான்.

நாங்கள் பாதர் ஹேபர் இல்லை. ஆனால் எல்லாரிடமும் எங்கேயோ ஒரு சின்ன 'மேல்' இருக்கு. ஒருவர் சீனியர். ஒருவருக்கு இங்கிலீஷ் ஓடும். ஒருவர் வீட்டுக்கு ஒரே ஆம்பிளப் பிள்ளை. ஒருவர் கையில் எப்பவும் மைக். நமது 'மேல்' எது எண்டு கண்டுபிடிச்சு, அந்த இடத்தில் இறங்குவதுதான் அன்றாடப் பயிற்சி. புதுசா வந்த பிள்ளைக்குப் பகிடிவதை செய்யாமல் நோட்ஸ் குடுக்கலாம். இங்கிலீஷ் தெரியாத ஒருவருக்குப் படிவம் நிரப்பும்போது, குரலில் எரிச்சல் இல்லாமல் இருக்கலாம். மைக்கை இதுவரை கதைக்காத ஒருவருக்கு நீட்டலாம்.

திருவிழாச் சாப்பாடு முடிந்ததும் பெண்கள் குசினிக்குப் போக, ஆம்பிளைகள் கதிரையை இழுத்துப் போட்டுக் கதைக்க இருப்பார்கள். சாப்பிட்ட கோப்பையை நாங்களே கழுவினால் என்ன? அது சின்ன வேலை எண்டு சொல்லாதீங்க. கால் கழுவுறதையும் அண்டைக்கு அப்படித்தான் நினைச்சிருப்பாங்க.